அப்பாவின் பிரஷர் நோட்டு: ஏறி இறங்கும் ரத்த அழுத்தமும் தாளம் தப்பும் இதயமும் உள்ள பெரியவரைக் கவனித்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

ராத்திரி இரண்டரை மணிக்கு மன்னார்குடியிலிருந்து அம்மா போன் செய்தார். "அப்பாவுக்கு 188 காட்டுதுடி, என்ன பண்றது?" கால் மணி நேரம் கழித்து 164. விடிந்ததும் 118. டாக்டரிடம் போனபோது 150. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அப்பா குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அப்போது 96.

இந்த ஏற்ற இறக்கம் ஏழு மாதம் நடந்தது. மூன்று டாக்டர்கள், நான்கு தடவை மாத்திரை மாற்றம், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வாசம். கடைசியில்தான் தெரிந்தது, அப்பாவுக்கு இருந்தது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. பிரஷர் ஒன்று, அவ்வப்போது தாளம் தப்பி அடிக்கும் இதயம் இன்னொன்று. நாங்கள் எல்லோரும் மெஷினில் வரும் மேல் நம்பரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டாவது யார் கண்ணிலும் படவில்லை. அதுதான் ஆபத்தானது.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அப்பாவுக்கு 77 வயது. எங்களுக்கு ஏழு மாதம் பிடித்ததை நீங்கள் ஒரு மாதத்தில் முடிக்கலாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டிய தகவலைச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை.

1. முதலில் மெஷினைச் சந்தேகப்படுங்கள்

மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வேண்டாம். முழங்கைக்கு மேலே சுற்றுகிற வகையை வாங்குங்கள். நான் 2,100 ரூபாய் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் ஓர் இஞ்ச் டேப்பை எடுத்துப் பெரியவரின் மேற்கையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பட்டையின் அளவு டப்பாவிலேயே போட்டிருக்கும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் பிரஷர் குறைவாகக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகக் காட்டும். எங்கள் பழைய மெஷின் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தது. அதன் பட்டை அப்பாவின் கையில் தோரணம் மாதிரி தொங்கியது. அதை வைத்துத்தான் நாலு மாதம் குறித்திருக்கிறோம்!

புது மெஷினை ஒரு தடவை டாக்டரின் கிளினிக்குக்கு எடுத்துப் போய், அங்கே அளப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. பெரும்பாலும் அங்கிருக்கும் நர்ஸே செய்து கொடுத்துவிடுவார்.

2. அளக்கும் முறை

நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும். கால்கள் தரையில், ஒன்றன்மேல் ஒன்று போடாமல். கை மேஜைமேல், பட்டை நெஞ்சின் உயரத்தில். சட்டைக் கையின் மேல் சுற்றக் கூடாது. கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டும் சுற்றக் கூடாது. அதற்கு முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். காபி குடித்து, வெற்றிலை புகையிலை போட்டு, நடந்து வந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வயதானவர்களிடம் இது பெரிய விஷயம். முட்டிக்கொண்டிருக்கும்போது அளந்தால் பிரஷர் ஏறித்தான் காட்டும்.

இன்னொன்று, பேசக் கூடாது. எங்கள் வீட்டில் இதுதான் நடக்காத காரியம். மெஷின் காற்றடிக்க ஆரம்பிக்கும்போதுதான் அம்மாவுக்குப் பால்காரர் கணக்கு ஞாபகம் வரும், அப்பா பதில் சொல்லுவார். நம்பர் ஏறும். "பாத்தியா, 170!" என்று அம்மா பதறுவார். அந்தப் பதற்றத்தோடு மறுபடி அளந்தால் 178.

ஒரு தடவைக்கு இரண்டு முறை, ஒரு நிமிஷ இடைவெளியில் அளக்க வேண்டும். நாடி தாறுமாறாக இருப்பவர்களுக்கு மூன்று முறை. இதயம் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு வேகத்தில் ரத்தத்தைத் தள்ளுவதால், மெஷின் எந்த அடியைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப நம்பர் மாறும். இவர்களுக்கு ஒற்றை அளவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும் அளங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? காலையில் மாத்திரைக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவ்வளவுதான். அப்பாவின் பழைய டைரியில் ஒரே நாளில் 14 தடவை குறித்த பக்கம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவருக்குப் பிரஷரைவிட மெஷின்தான் நோய்.

3. ஏழு நாள் நோட்டு

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டாக்டர் உங்கள் பெரியவரைப் பார்ப்பது ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் வரும் நம்பரை வைத்து அவர் மாத்திரை எழுத வேண்டியிருக்கிறது. சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் எகிறும். சிலருக்குக் கிளினிக்கில் ஒழுங்காக இருந்து வீட்டில் ஏறும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கட்டம் போடுங்கள்: தேதி, நேரம், மேல், கீழ், நாடி, குறிப்பு. நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்:

*செவ்வாய், காலை 6.40. 152/80, 147/78, 144/78. நாடி 74. ராத்திரி மூன்று முறை எழுந்தார், தூக்கம் சரியில்லை.*

அப்பாவைப் போல நாடி தாறுமாறாக இருப்பவர்களுக்குக் காலையும் சாயங்காலமும் மூன்று அளவு வீதம் ஏழு நாளைக்கு 42 அளவு வரும். முதல் நாளின் ஆறை விட்டுவிடுங்கள். அன்றைக்குப் பதற்றம் இருக்கும். மீதி 36-க்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் பிரஷர் கூடுதல் என்று கணக்கு. கிளினிக்கில் சொல்லும் 140/90-க்கு இணையான வீட்டு அளவு இது. எண்பதை ஒட்டியவர்களுக்கும் நடை தள்ளாடுபவர்களுக்கும் டாக்டர் வேறு எல்லை வைக்கலாம். அதைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

அப்பாவின் சராசரி 146/78. ஏழு மாதம் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தது 188-ன் பின்னால்.

ஏழு நாளில் இரண்டு நாள் மட்டும் இன்னொன்றும் செய்யுங்கள். உட்கார்ந்து அளந்த பிறகு, எழுந்து நிற்க வைத்து, ஒரு நிமிஷத்தில் ஒன்றும் மூன்று நிமிஷத்தில் ஒன்றும் அளங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் நம்பர் 20 அல்லது கீழ் நம்பர் 10 இறங்கினால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

4. நாடியைக் கையால் பிடித்துப் பாருங்கள்

பெரியவரின் உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உங்கள் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள். அதில் உங்கள் நாடியே துடிக்கும். கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதெல்லாம் ஒழுங்காக அடிக்கும் இதயத்துக்குத்தான்.

எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். டக், டக், டக் என்று போய் நடுவில் ஒன்று தவறி மறுபடி ஒழுங்காகப் போனால், அது பலருக்கு வரும் கூடுதல் துடிப்பாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆனால் பெரும்பாலும் பயமில்லை. எந்த ஒழுங்கும் பிடிபடாமல், ஓட்டுக் கூரையில் மழை சொட்டுகிற மாதிரி, இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, மூன்று மெலிதாக என்று போனால் உடனே ஐந்தாவது படிக்குப் போங்கள். இதயம் தாளம் தப்பி அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோய் பெரும்பாலும் கையில் இப்படித்தான் தெரியும். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள்.

பிரஷர் மெஷின் திரையில் சின்ன இதயப் படம் மின்னினால் அதையும் நோட்டில் குறியுங்கள். கை ஆடினாலும் அது மின்னும், ஆகவே அதுவே தீர்ப்பு அல்ல. ஆனால் நாலு நாளில் மூன்று நாள் மின்னியதை நாங்கள் பேட்டரிக் கோளாறு என்று நினைத்தோம். பேட்டரியை மாற்றவும் செய்தோம்.

5. படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுங்கள்

அப்பாவுக்கு முன்னே எடுத்த மூன்று ஈ.சி.ஜி.யும் நார்மல். ஒரு டாக்டர் "மனசுதான் காரணம், கவலையைக் குறைங்க" என்று தூக்க மாத்திரை எழுதினார். ஏ.எஃப். வந்து வந்து போகும். வந்துபோன பிறகு எடுத்தால் காகிதத்தில் ஒன்றும் இருக்காது.

ஆகவே முன்கூட்டியே இரண்டு விஷயம் விசாரித்து வையுங்கள். வீட்டுக்கு மிக அருகில் எந்த லேப்பில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எத்தனை மணி வரை ஈ.சி.ஜி. எடுப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை உண்டா? அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எங்கள் ஊர் லேப்பில் 250 ரூபாய் வாங்கினார்கள். நாடி தாறுமாறாக அடிப்பது கைக்குத் தெரிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய், "படபடப்பு இப்ப இருக்கு, உடனே எடுக்கணும்" என்று சொல்லுங்கள். வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தால் படபடப்பு நின்றுவிடும். படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் லேப் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா இப்படித்தான் பிடித்தார். நாலு தெரு தள்ளி லேப். காகிதத்தைப் பார்த்த டெக்னீஷியன், ரிப்போர்ட் டைப் செய்யக்கூட நிற்காமல், "இத எடுத்துட்டு இப்பவே டாக்டர்கிட்ட போங்கம்மா" என்றாராம்.

எச்சரிக்கை: ஈ.சி.ஜி. காகிதம் வெப்பத்தால் அச்சாகும் வகை. பஸ் டிக்கெட் மாதிரி நாளாக ஆக வெளுத்துவிடும். வெயிலில், பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். அன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ், ஒரு போட்டோ எடுங்கள். போட்டோவில் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். எங்களிடம் இருந்த பழைய ஈ.சி.ஜி. ஒன்றை இரண்டாவது டாக்டர் கேட்டபோது உறைக்குள் வெறும் ரோஜா நிறக் கட்டம்தான் மிஞ்சியிருந்தது.

படபடப்பு வரும் நேரத்தில் எடுக்கவே முடியவில்லை என்றால் ஹோல்டர் என்ற கருவியை 24 அல்லது 48 மணி நேரம் உடம்பில் மாட்டிவிடுவார்கள். தஞ்சாவூரில் 24 மணி நேரத்துக்கு 2,800 ரூபாய் கொடுத்தோம். கருவி காலியாக நாலு நாள் காத்திருந்தோம். மாட்டியிருக்கும்போது குளிக்க முடியாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குளிக்காமல் பூஜை செய்வதில்லை என்று அப்பா கிளினிக் வாசலிலேயே நின்றுவிட்டார். அன்று ஏகாதசி வேறு. மார்பில் ஒட்டும் வட்டங்கள் வியர்வையில் கழன்றுவரும், ஆகவே சித்திரை வைகாசியில் பகல் முழுக்க மின்விசிறியடியில் இருக்கப் பாருங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தார், எப்போது படபடப்பு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியோடு திருப்பிக் கொடுங்கள்.

6. டாக்டரிடம் போகும் நாள்

ஒரு துணிப்பையில் இவை இருக்க வேண்டும்:

- ஏழு நாள் நோட்டும் சராசரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டும். டாக்டருக்கு 42 நம்பரைப் படிக்க நேரமில்லை, சீட்டை முதலில் நீட்டுங்கள்.
- ஈ.சி.ஜி. நகல்கள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி.
- வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. பெயர் எழுதிக்கொண்டு போகாதீர்கள், அட்டையையே கொண்டுபோங்கள். மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டார் கொடுத்தது எல்லாம் சேர்த்து.

அட்டைகளை மேஜையில் பரப்பியபோதுதான் எங்கள் கதை புரிந்தது. இரண்டு டாக்டர்கள் வெவ்வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய ஒரே பிரஷர் மருந்தை அப்பா காலையும் மாலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிய டைக்ளோஃபினாக் வேறு. அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஒரு கையால் ஏற்றி மறு கையால் இறக்கிக்கொண்டிருந்தால் நம்பர் எப்படி நிற்கும்?

ஜலதோஷத்துக்குக் கடையில் கொடுக்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் பல, பிரஷரையும் படபடப்பையும் கூட்டும். இருமலுக்குத் தினமும் அதிமதுரம் சப்பும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதிகமானால் பிரஷரை ஏற்றி, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, இதயத் தாளத்தையும் கெடுக்கும்.

சோதனைகளில் இவை இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்: சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்). தைராய்டு கூடினால் ஏ.எஃப். வரலாம். சிறுநீர் கழிய வைக்கும் பிரஷர் மாத்திரை வயதானவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தை உண்டாக்கலாம். எக்கோ எதற்கு என்றால் வால்வு எப்படி இருக்கிறது என்று பார்க்க. அடுத்த படியின் மருந்து அதைப் பொறுத்தது. ராத்திரி குறட்டை பலமாக, நடுவில் மூச்சு நிற்கிற மாதிரி இருந்தால் அதையும் சொல்லுங்கள். காலைப் பிரஷருக்கும் ஏ.எஃப்.க்கும் அது ஒரு காரணம்.

7. மாத்திரைகள்: இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்

ஏ.எஃப். உள்ளவருக்கு மாத்திரைகள் இரண்டு வேலைக்காக வரும். ஒன்று, இதயத் துடிப்பின் வேகத்தை அல்லது தாளத்தை அடக்க. இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க.

இரண்டாவது ஏன்? இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அதன் ஓரத்திலுள்ள சின்னப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பே தெரியாதவர்களுக்கும் இது உண்டு. டாக்டர்கள் ஒரு புள்ளிக் கணக்கு போடுவார்கள்: வயது 65 முதல் 74 வரை ஒன்று, 75-ம் அதற்கு மேலும் இரண்டு, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இதயம் பலவீனமாக இருந்தால் ஒன்று, ரத்தக் குழாய் அடைப்பு நோய் இருந்தால் ஒன்று, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. இரண்டும் அதற்கு மேலும் வந்தால் பொதுவாக ரத்தம் உறையாமை மருந்து எழுதுவார்கள். அப்பாவுக்கு மூன்று.

"ஆஸ்பிரின்தான் சாப்பிடறாரே, அது போதாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். ஏ.எஃப். பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் போதாது. அதற்காகப் புது மருந்தோடு ஆஸ்பிரினையும் நீங்களாகச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது, ரத்தக்கசிவு கூடும். எது தொடரும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மருந்தில் இரண்டு வகை. பழையவை வார்ஃபரின், அசினோகூமரால். விலை குறைவு, ஆனால் ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையைத் தொடர்ந்து செய்து, பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இந்த வகைதான். இந்தப் பழைய வகை சாப்பிடுகிறவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று போகாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

புதியவை அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகாட்ரான். ஐ.என்.ஆர். சோதனை தேவையில்லை. ஆனால் வயது, எடை, கிரியேட்டினின் பார்த்து அளவு மாறும், ஆகவே சிறுநீரகச் சோதனை அவ்வப்போது உண்டு. விலை கம்பெனிக்குக் கம்பெனி பெரிதாக மாறுகிறது. ஒரே மருந்தின் ஜெனரிக் (பிரபல கம்பெனிப் பெயர் இல்லாத மலிவு வகை) இருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இது காலம் முழுக்க வாங்க வேண்டிய மருந்து.

இனி பொறிகள்:

- ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சரியாகச் சேராது.
- டபிகாட்ரான் கேப்சூலைப் பிரிக்கக் கூடாது. கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் எடுத்துப் போட்டு வைக்கவும் கூடாது. ஈரம் ஆகாது.
- அபிக்ஸபான் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ராத்திரி மாத்திரைதான் மறந்துபோகும். மறந்துவிட்டால் மறுவேளை இரண்டாகப் போடக் கூடாது.
- தீர்ந்துபோய் இரண்டு நாள் கழித்து வாங்கலாம் என்ற பேச்சே கூடாது. இந்தப் புதிய மருந்துகளின் வேலை ஒரு நாளிலேயே ஏறக்குறைய வடிந்துவிடும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்பே பத்து நாள் கூடுதலாக வாங்கி வையுங்கள்.
- பல் பிடுங்க, கண் ஆபரேஷன் செய்யப் போனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் டாக்டரை இதய டாக்டரோடு போனில் பேச வையுங்கள்.
- மெட்டோபுரொலால், பைசோபுரொலால் போன்ற வேகம் குறைக்கும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். நாடி 50-க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அந்தச் சிவப்பு மை. நிற்கும்போது இறங்கும் பிரஷர்தான் அப்பாவைக் குளியலறை வாசலில் உட்கார வைத்தது. சிறுநீர் தாராளமாகப் போக அவருக்கு டாம்சுலோசின் எழுதியிருந்தார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கான அந்த வகை மாத்திரை, எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும். அதோடு இரட்டிப்பான பிரஷர் மாத்திரை. இவர் ராத்திரி மூன்று முறை இருட்டில் எழுந்து நடக்கிறவர். ரத்தம் உறையாமை மருந்து சாப்பிடுகிறவர் விழுந்தால் அடி சின்னதாக இருந்தாலும் விஷயம் சின்னதல்ல. கட்டிலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, காலை ஆட்டி, அப்புறம் எழ வேண்டும். கட்டிலடியில் ஒரு யூரின் கேன், வழியில் இரவு விளக்கு. இதற்கு மொத்தச் செலவு 300 ரூபாய் ஆகவில்லை. ஏழு மாதத்தில் செய்ததிலேயே உருப்படியான செலவு இதுதான்.

வாந்தி பேதி வந்து சாப்பாடு இறங்காத நாளில் பிரஷர் மாத்திரையை வழக்கம்போலக் கொடுக்கலாமா என்று போன் செய்து கேளுங்கள், குறிப்பாக டெல்மிசார்டனும் சிறுநீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால். அக்னி நட்சத்திரத்தில் உடம்பு வற்றும் நாட்களுக்கும் இதே எச்சரிக்கை.

8. சமையல்கட்டு

நாளைக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு தொட்டுக்கொண்டால் கணக்கு தோற்றுவிடும். இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று ஒரு பேச்சு உலாவுகிறது. அதுவும் சோடியம் குளோரைடுதான். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களும் டெல்மிசார்டன் வகை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதுவும் ஏ.எஃப்.ஐத் தூண்டும்.

9. செலவும் சலுகையும்

முதல் மாதம் எங்களுக்கு ஆனது: மெஷின் 2,100, டாக்டர் கட்டணம் இரண்டு முறை 1,200, ஈ.சி.ஜி. இரண்டு 500, எக்கோ 1,800, ஹோல்டர் 2,800, ரத்தச் சோதனைகள் 1,100. ஆக 9,500 ரூபாய், போக்குவரத்து தனி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டினால் பணம் மிச்சம், ஆனால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். எக்கோவுக்கு வேறொரு நாள் கொடுக்கலாம், ஆகவே இரண்டு நாளைக்குத் திட்டமிட்டுப் போங்கள்.

மாதாந்திரச் செலவைக் குறைக்க மூன்று வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதாரோடு போய்க் கேளுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் ஜெனரிக் மாத்திரைகள் மலிவு. சீட்டைக் காட்டி, இருக்கிறதா என்று முன்கூட்டி விசாரியுங்கள். எல்லா ஊரிலும் எல்லாம் இருப்பதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். இது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அல்ல. சேர வேண்டிய நிலை வந்த பிறகு சான்றுக்கு அலையாமல் கார்டை இப்போதே போட்டு வையுங்கள். தனியார் காப்பீடு எடுப்பதானால் பிரஷரையும் ஏ.எஃப்.ஐயும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு இருக்கலாம். மறைத்தால் மொத்தமாகவே மறுத்துவிடுவார்கள்.

பிள்ளைகள் வருமான வரி கட்டுகிறவர்களாக இருந்தால், காப்பீடு இல்லாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 வரை பழைய வரி முறையில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. மெடிக்கல் ஷாப்பில் யு.பி.ஐ.யில் கொடுத்து பில் வாங்குங்கள்.

10. எப்போது காத்திருக்கலாம், எப்போது 108

நம்பர் மட்டும் 180/120-ஐத் தாண்டி, வேறு ஒரு தொந்தரவும் இல்லை என்றால், உட்கார வைத்து ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அளங்கள். அப்படியே இருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கூடுதலாக ஒரு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சட்டென்று இறக்க நாக்குக்கடியில் எதையாவது வைப்பது இன்னும் மோசம். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து பக்கவாதமே வரலாம்.

அந்த நம்பரோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பம், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி ஏதாவது இருந்தால் 108. மயங்கி விழுந்தால் 108. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் தொங்குவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. நம்பரை அளக்க நிற்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும், ரத்தம் உறையாமை மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். இந்த இரண்டு நேரத்தையும் வைத்துத்தான் ஊசியா, வேறு சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

ரத்தம் உறையாமை மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் அப்படியே.

இவ்வளவையும் பதற்றத்தில் யாருக்கும் சொல்ல வராது. ஆகவே ஒரு சின்னச் சீட்டு தயார் செய்யுங்கள். பெயர், வயது, ரத்த வகை, "ஏ.எஃப். உண்டு", ரத்தம் உறையாமை மருந்தின் பெயரும் அளவும், மற்ற மாத்திரைகள், கடைசி கிரியேட்டினின் அளவும் தேதியும், ஒவ்வாத மருந்து, இரண்டு போன் நம்பர். நான் அதை லேமினேட் செய்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். சீட்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது நாலு காப்பி இருக்கிறது: பர்ஸில் ஒன்று, பிரிட்ஜ் கதவில் ஒன்று, நோட்டின் அட்டையில் ஒன்று, என் போனில் போட்டோவாக ஒன்று. மாத்திரை மாறும் அன்றைக்கே நாலையும் மாற்றுகிறோம்.